ரஸ்ட்ல சொந்தமா பார்சர் எழுதுறது: லெக்ஸர்ல இருந்து ஸ்டாக் நிரம்புற வரைக்கும்

நீங்க கேட்டிருக்கிறது மேலோட்டமா பாத்தா ஒரே கேள்வி தான்: பில்லிங் ரூல்ஸ் எழுத ஆபீஸ்ல ஒரு குட்டி மொழி வேணும், அதுக்கு ரஸ்ட்ல பார்சரை (எழுதின ரூலைப் படிச்சு அதோட அமைப்பை ஒரு ட்ரீயா பிரிக்கிற ப்ரோகிராமை) நாமளே முதல்ல இருந்து எழுதலாமா, இல்ல இலக்கணத்தைக் கொடுத்தா பார்சரைத் தானா எழுதித் தர்ற ஜெனரேட்டர், லைப்ரரின்னு போயிடலாமா. ஆனா கீழ நீங்க கொட்டியிருக்கிற மூணு புலம்பலைப் படிச்சா விஷயம் வேற மாதிரி இருக்கு. டோக்கனுக்குள்ள (லெக்ஸர் டெக்ஸ்ட்டை வெட்டிக் கொடுக்கிற ஒவ்வொரு துண்டுக்குள்ள) ஸ்ட்ரிங் ஸ்லைஸ், அதாவது மூல டெக்ஸ்ட்டுல இருந்து கடன் வாங்கின பகுதி, வச்சதும் லைஃப்டைம் (கடன் எவ்ளோ நேரம் செல்லும்ங்கற குறிப்பு) எல்லா ஸ்ட்ரக்ட்டுலயும் ஒட்டிக்கிச்சு, ரூல்ல தமிழ்ப் பேர் வந்தா எரர் அம்புக்குறி வேற எங்கயோ நிக்குது, பிராக்கெட் ஏகப்பட்டது போட்டு டெஸ்ட் பண்ணா ப்ரோகிராம் மொத்தமா செத்துடுது. இதுல ஒண்ணு கூட இலக்கணம் சம்பந்தப்பட்டது கிடையாது. பார்சர் நினைவுல எதை வச்சுக்கணும், எதை வச்சுக்கவே கூடாதுங்கறது தான் நீங்க நிஜமா கேக்குறது. நான் பல வருஷமா இந்த மாதிரி சின்ன மொழிகளுக்கும் ஃபைல் ஃபார்மட்டுகளுக்கும் பார்சர் எழுதிட்டிருக்கேன், மொதல்ல சி, அப்புறம் ரஸ்ட். பெரிய மொழியோட கம்பைலர் எதுலயும் வேலை பாத்தது இல்ல, அதையும் மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

கையால எழுதலாமாங்கற முதல் கேள்விய சீக்கிரம் முடிச்சிடலாம். தாராளமா எழுதலாம். "பெரிய ஆளுங்க எல்லாம் ஜெனரேட்டர் தான் வச்சிருப்பாங்க"ன்னு காலேஜ்ல சொல்லிக் கொடுத்துடறாங்க, நிலைமை அப்படி இல்ல. ஜிசிசி கம்பைலர்ல சி++ பார்சரை 3.4 வெர்ஷன்லயும் சி பார்சரை 4.1 வெர்ஷன்லயும் பைசன்ங்கற ஜெனரேட்டர்ல இருந்து கையெழுத்து (அதாவது கையால எழுதின) பார்சருக்கு மாத்திட்டாங்க. இன்னொரு சி கம்பைலரான கிளாங் பொறந்ததுல இருந்தே கையெழுத்து தான், ரஸ்ட் கம்பைலரும் அப்படித்தான். கோ மொழி 2016ல வந்த 1.6 வெர்ஷன்ல யாக் (yacc)ங்கற ஜெனரேட்டரை விட்டுச்சு. ரூபி 3.4ல டீஃபால்ட்டா வந்த பிரிசம் பார்சரும் சி மொழில கையால எழுதினது. அந்தப் பக்கமும் ஆளுங்க இருக்காங்க: டேட்டாபேஸ்ல போஸ்ட்கிரெஸ் இன்னும் பைசன் தான், எஸ்க்யூலைட்டுக்கு லெமன்னு சொந்த ஜெனரேட்டரே உண்டு, பைத்தான் 3.9ல பெக் (PEG)ங்கற வேற வகை ஜெனரேட்டருக்கு மாறுச்சு. ஆக இது ஜாதிச் சண்டை இல்ல. உங்க மொழில மிஞ்சிப் போனா இருவது விதி இருக்கும், அதுக்கு கையால எழுதுறது தான் லேசு, எரர் மெசேஜும் நம்ம இஷ்டத்துக்கு எழுதலாம், டீபக்கர்ல பிரேக்பாயிண்ட் வச்சா எந்த விதிக்குள்ள நிக்கிறோம்னு கால் ஸ்டாக்லயே தெரியும். ஒண்ணே ஒண்ணு இழப்பு, அது நிஜமான இழப்பு: இலக்கணத்துல ஒரே வரிய ரெண்டு விதமா படிக்கலாம்னா பைசன், லெமன் மாதிரி எல்ஆர் வகை ஜெனரேட்டர் உடனே கத்தும், கையெழுத்து பார்சர் கம்முனு ஒரு வழிய எடுத்துக்கிட்டு போயிடும். அதனால இலக்கணத்த ஒரு பேப்பர்லயாவது எழுதி வச்சுக்கோங்க.

இப்போ லைஃப்டைம் தொல்லைக்கு வருவோம். டோக்கன்ல டெக்ஸ்ட்டே இருக்க வேண்டாம். என்ன வகைங்கற ஒரு enum, ஆரம்ப பைட் எங்க, முடிவு பைட் எங்கங்கற ரெண்டு யூ32 (32 பிட் முழு எண்), அவ்ளோ தான். ரெண்டையும் சேத்து ஸ்பான்னு சொல்லுவாங்க. டெக்ஸ்ட் தேவைப்படுற நேரத்துல மூல ஸ்ட்ரிங்ல அந்த ஸ்பானை வெட்டிப் பாத்துக்கலாம். இப்படி வச்சா டோக்கன் காப்பி டைப் ஆயிடும், எட்டிப் பாக்குறது, ஒரு டோக்கன் பின்னாடி போறது எதுக்கும் போரோ செக்கர் (கடன் வாங்கினதை சரிபாக்குற ரஸ்ட் கம்பைலர் பகுதி) வாயே திறக்காது, மொத்த ப்ரோகிராம்லயும் பார்சர்ங்கற ஒரே ஸ்ட்ரக்ட்டுக்கு மட்டும் ஒரு லைஃப்டைம் இருக்கும், வேலை முடிஞ்சதும் அதுவும் போயிடும். யூ32 போதுமான்னு கேட்டா, 4 ஜிபி வரைக்கும் தாங்கும், ஃபைலை உள்ள எடுக்கும்போதே நீளத்தை ஒரு தடவை செக் பண்ணிடுங்க. ட்ரீல இருக்கிற பேர்களுக்கும் இதே கதை, ஸ்பானா வைக்கலாம், இல்ல ஒவ்வொரு பேருக்கும் ஒரு நம்பர் கொடுத்து டேபிள்ல போட்டுட்டு நம்பரை மட்டும் வைக்கலாம். சோம்பேறித்தனமா ஸ்ட்ரிங்கை காப்பி அடிச்சு ட்ரீல போட்டாலும் பில்லிங் ரூல் அளவுக்கு ஒண்ணும் குடி முழுகாது. ஆனா லெக்ஸர்ல ஸ்லைஸ், ட்ரீல ஸ்லைஸ், எரர்லயும் ஸ்லைஸ்னு மூணு இடத்துலயும் கடன் வாங்கி வச்சிருக்கிறது இருக்கே, நீங்க ஒட்டியிருக்கிற கோடு அப்படித்தான் இருக்கு, அது எந்த வழிலயும் சேராது. எரர் வெளிய போகணும், மூல டெக்ஸ்ட்டு உள்ளயே செத்துடும், அப்புறம் கம்பைலர் திட்டாம என்ன பண்ணும்.

அம்புக்குறி தப்பா நிக்கிறதுக்கு காரணம் யூடிஎஃப்-8, அதாவது எழுத்துகளை பைட்டா சேமிக்கிற முறை. தமிழ் கோட்பாயிண்ட் (யூனிகோட் நம்பர் கொடுத்திருக்கிற குறி) ஒவ்வொண்ணும் மூணு பைட். "மதுரை"ய எடுத்துக்கோங்க: கண்ணுக்கு மூணு எழுத்து, கோட்பாயிண்ட் அஞ்சு, பைட் பதினஞ்சு. நீங்க பைட் ஆஃப்செட்டை அப்படியே காலமா நினைச்சு அத்தனை ஸ்பேஸ் போட்டு அம்பு வரையுறீங்க, அதனால ஒரு மதுரைக்கு பன்னண்டு இடம் தள்ளிப் போயிடுது. இதுக்காக லெக்ஸரை கேரக்டர் (char) வாரியா மாத்தாதீங்க, பைட் வாரியாவே ஓட்டுங்க. யூடிஎஃப்-8ல ஆஸ்கி அல்லாத எழுத்தோட எல்லா பைட்டுலயும் மேல் பிட் 1 ஆ இருக்கும், அதனால ஒரு கோட்டேஷன் மார்க்கோ கமாவோ தமிழ் எழுத்துக்கு நடுவுல ஒளிஞ்சிருக்க வாய்ப்பே இல்ல, மூடுற கோட்டேஷன் வரைக்கும் கண்ணை மூடிட்டு ஓடலாம். வரி, காலம் கணக்கெல்லாம் எரர் வந்தா மட்டும் போடுங்க: அந்த வரி ஆரம்பிக்கிற இடத்துல இருந்து எண்ணினா போதும். எதை எண்ணுறதுங்கறது யாருக்கு காட்டுறோம்ங்கறதைப் பொறுத்தது. டெர்மினல்ல அம்பு போடணும்னா கண்ணுக்குத் தெரியுற எழுத்தை எண்ணணும், எடிட்டரோட லாங்குவேஜ் சர்வர் வழியா பேசுறீங்கன்னா அங்க டீஃபால்ட் யூடிஎஃப்-16 யூனிட். டெர்மினல்ல தமிழ் எழுத்தோட அகலம் ஃபான்ட்டுக்கு ஃபான்ட் மாறும், அதனால எண்ணிக்கை சரியா இருந்தாலும் அம்பு கச்சிதமா கீழ நிக்கும்னு என்னால உத்தரவாதம் கொடுக்க முடியாது. நான் அம்போட நிறுத்தாம தப்பான வார்த்தையவே எரர்ல எடுத்துப் போட்டுடுவேன்.

இதே இடத்துல இன்னொரு குழி இருக்கு, நீங்க இன்னும் விழல, விழுவீங்க. வேரியபிள் பேரும் தமிழ்ல வைக்கலாம்னு சொல்லியிருக்கீங்க. பேர் எங்க முடியுதுன்னு பாக்க ரஸ்ட்ல இருக்கிற இஸ்-அல்ஃபபெட்டிக் ஃபங்ஷனைத் தான் எல்லாரும் எடுப்பாங்க. யூனிகோட் கணக்குல கால், கொம்பு எல்லாம் அல்ஃபபெட்டிக், புள்ளி அல்ஃபபெட்டிக் இல்ல. அதனால "மொத்தம்"னு எழுதினா லெக்ஸர் "மொத" வரைக்கும் எடுத்துட்டு, புள்ளிய பாத்து இது என்ன புது கேரக்டர்னு முழிக்கும். இதுக்குன்னே எக்ஸ்ஐடி ஸ்டார்ட், எக்ஸ்ஐடி கண்டின்யூன்னு ரெண்டு பண்பு யூனிகோட்ல இருக்கு, புள்ளி ரெண்டாவதுல வரும், அதைப் பாக்க சின்ன க்ரேட் (ரஸ்ட் லைப்ரரி) கிடைக்குது. அப்புறம் "மொ"ல இருக்கிற ஒகரக் குறிய ஒரே கோட்பாயிண்ட்டாவும் அடிக்கலாம், கொம்பு தனி கால் தனின்னு ரெண்டாவும் அடிக்கலாம், பாக்க ஒண்ணு மாதிரியே இருக்கும், ஒப்பிட்டா சமம் வராது. பேரை டேபிள்ல போடுறதுக்கு முன்னாடி என்எஃப்சிக்கு (இப்படி ரெண்டு விதமா அடிச்சதை ஒரே வடிவமாக்குற யூனிகோட் முறைக்கு) மாத்திடுங்க, ரஸ்ட் கம்பைலரே தன் ஐடென்டிஃபையர்களுக்கு அதைத் தான் பண்ணுது.

எக்ஸ்பிரஷன் பார்சிங்குக்கு ஒவ்வொரு ப்ரெசிடென்ஸுக்கும் (எந்த ஆபரேட்டர் முதல்லங்கற படிக்கு) ஒரு ஃபங்ஷன்னு எழுதியிருக்கீங்க, தப்பில்ல, பாடத்துல அப்படித்தான் இருக்கும். ஆனா 1973ல வான் ப்ராட் சொன்ன முறை இருக்கும்போது அது வீண் எழுத்து. ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் இடது பலம், வலது பலம்னு ரெண்டு நம்பர். || க்கு 1, 2. && க்கு 3, 4. ஒப்பீடுகளுக்கு 5, 6. + - க்கு 7, 8. * / க்கு 9, 10. ஃபங்ஷன் ஒண்ணே ஒண்ணு, குறைஞ்சபட்ச பலம்னு ஒரு நம்பர் வாங்கும். மொதல்ல ஒரு எண்ணையோ பேரையோ பிராக்கெட்டையோ படிக்கும், அப்புறம் அடுத்து நிக்கிற ஆபரேட்டரோட இடது பலம் அந்த குறைஞ்சபட்சத்துக்கு கம்மியா இல்லாத வரைக்கும் அதை விழுங்கிட்டு, வலது பலத்தோட தன்னையே கூப்பிட்டு வலது பக்கத்தை வாங்கி, ரெண்டையும் சேத்து ஒரு நோடு ஆக்கிட்டு லூப்ல திரும்பும். வலது நம்பர் பெருசுன்னா இடமிருந்து சேரும், இடது நம்பர் பெருசுன்னா வலமிருந்து சேரும். ஐம்பது வரி கூட வராது. அடுக்குக்குறி போடப் போறீங்கன்னா மைனஸ் 2^2 என்னன்னு இப்பவே முடிவு பண்ணிடுங்க: பைத்தான் பாணி அடுக்குல மைனஸ் 4 வரும், எக்செல்ல 4 வரும், ஜாவாஸ்கிரிப்ட் அப்படி எழுதவே விடாது. உங்க ரூல் எழுதப் போறவங்க எக்செல் ஆளுங்க, யோசிச்சுக்கோங்க. 0 < தொகை < 5000ன்னும் கண்டிப்பா எழுதுவாங்க. சி மொழி இடப்பக்க ஒப்பீட்டை 0 அல்லது 1 ஆக்கி அதை 5000ஓட ஒப்பிட்டு எப்பவும் உண்மைன்னு சொல்லும், பைத்தான் சங்கிலியா சரியா படிக்கும், ரஸ்ட் எரர் தரும். பில் போடுற இடத்துல சி மாதிரி நடந்துக்கிறது மட்டும் வேண்டாம்.

பிராக்கெட் போட்டா சாகுறது தான் மூணுலயும் சீரியஸ். ரிகர்சிவ் பார்சர் (தன்னையே திரும்பத் திரும்பக் கூப்பிடுற பார்சர்) ஒவ்வொரு பிராக்கெட்டுக்கும் ஸ்டாக்குல, அதாவது ஃபங்ஷன் அழைப்புகளுக்கான நினைவுல, ஃபிரேம் போட்டுக்கிட்டே போகும். லினக்ஸ்ல மெயின் த்ரெட்டுக்கு வழக்கமா 8 எம்பி, ரஸ்ட்ல நாம புதுசா கிளப்புற த்ரெட்டுக்கு டீஃபால்ட்டா 2 எம்பி, அதனால தான் உங்க லேப்டாப்ல தனியா ஓட்டும்போது தாங்கினது சர்வர்ல வொர்க்கர் த்ரெட்ல சாகுது. இது பேனிக் (ரஸ்ட்ல வழக்கமா வர்ற ரன்டைம் எரர்) கிடையாது, பிடிச்சு நிறுத்த முடியாது, ப்ராசஸே அபார்ட் ஆயிடும், கூட ஓடிட்டிருக்கிற மத்தவங்க ரெக்வெஸ்ட்டும் சேந்து போயிடும். மருந்து சிம்பிள்: ஆழத்துக்கு ஒரு கவுண்டர், உள்ள போகும்போது ஏத்து, வரும்போது இறக்கு, எல்லை தாண்டினா சாதாரண எரர். ஜேசான் டேட்டா ஃபார்மட்டைப் படிக்கிற சேர்டே ஜேசான்ங்கற ரஸ்ட் லைப்ரரி 128ல நிறுத்துது. ஜேசானோட ஸ்டாண்டர்டான ஆர்எஃப்சி 8259லயே ஆழத்துக்கு எல்லை வச்சுக்கலாம்னு எழுதியிருக்கு. பில்லிங் ரூல்ல 128 பிராக்கெட் போடுறவனுக்கு எரர் கொடுக்கிறது பாவமே இல்ல.

ஆனா கவுண்டர் வச்சதும் முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. 1+1+1+1ன்னு ஒரு லட்சம் தடவை எழுதினா என்ன ஆகும்னு பாருங்க. ப்ராட் முறைல அது லூப்ல தான் ஓடும், கவுண்டர் ஏறவே ஏறாது, பார்சிங் நல்லபடியா முடியும். ஆனா கிடைக்கிற ட்ரீ இடது பக்கமா ஒரு லட்சம் ஆழம். பாக்ஸ் (ஒவ்வொரு நோடையும் தனித்தனியா ஹீப்ல வைக்கிற ரஸ்ட் பாயிண்டர்) வச்சு கட்டியிருந்தா அதை மதிப்பிடுற ஃபங்ஷன் ஸ்டாக்கைத் தின்னும், அதுல தப்பிச்சாலும் கடைசில ட்ரீய ட்ராப் பண்ணும்போது (நினைவை விடுவிக்கும்போது) ரஸ்ட் தானா எழுதிக் கொடுத்த ட்ராப் கோடும் ரிகர்சன் தான், அங்க சாகும். நீங்க ஒரு வரி கூட எழுதாத இடத்துல கிராஷ் வந்தா எங்கன்னு தேடுவீங்க? இதுக்கு நான் வச்சிருக்கிற வழி, நோடு எல்லாத்தையும் ஒரே வெக்டர்ல வரிசையா போட்டு, பாக்ஸுக்கு பதிலா யூ32 இன்டெக்ஸ் வச்சுக்கிறது. ட்ராப் பண்றது ஒரே அடில முடியும். பிள்ளை நோடு எப்பவும் அப்பன் நோடுக்கு முன்னாடி தான் வெக்டர்ல ஏறும்ங்கறதால மதிப்பிடுறதைக் கூட முன்னாடி இருந்து பின்னாடி ஒரு ஃபார் லூப்ல முடிச்சிடலாம், && || மட்டும் பாதில நிக்கணும்னா அதுக்கு தனியா கொஞ்சம் மெனக்கெடணும். வெக்டர் முறை வேகமும் கூடன்னு எல்லாரும் சொல்லுவாங்க. பெரிய இன்புட்ல நானும் அப்படிப் பாத்திருக்கேன், உங்க இருநூறு எழுத்து ரூல்ல அளந்து பாக்காம அதை நான் சொல்ல மாட்டேன். நான் அதை சொல்றது சாகாம இருக்கிறதுக்காக.

எரர் விஷயத்துல ரெண்டு கட்சி உண்டு. முதல் எரர்லயே நிறுத்திடறது ஒண்ணு, ரஸ்ட்ல கேள்விக்குறி ஆபரேட்டரே அதைப் பாத்துக்கும். சமாளிச்சு அடுத்த செமிகோலன் வரைக்கும் தள்ளிட்டு தொடர்ந்து படிச்சு எல்லா எரரையும் சேத்து சொல்றது இன்னொண்ணு. ஒத்தை வரி ரூலுக்கு முதல் வழியே போதும்ங்கறது என் அபிப்ராயம், ஏன்னா சமாளிக்கிற பார்சர் ஒரு தப்புக்கு ஆறு எரர் காட்டி கணக்குப்பிள்ளையப் பயமுறுத்தும். பிற்பாடு அந்தப் பக்கம் போனா ஒரு விதிய மட்டும் விடாதீங்க: சமாளிக்கிற லூப் ஒவ்வொரு சுத்துலயும் ஒரு டோக்கனாவது விழுங்கணும், இல்லன்னா பார்சர் ஒரே இடத்துல நின்னு சிபியூவ சூடாக்கிட்டிருக்கும். முடிவு டோக்கனை எத்தனை தடவை கேட்டாலும் திரும்பத் திரும்பக் கொடுக்கிற மாதிரி வச்சா இன்டெக்ஸ் எல்லை தாண்டுற பேச்சே வராது. எல்லை செக்கை லேசா எடுத்துக்காதீங்க, 2017ல கிளவுட்ஃப்ளேர்ல மத்த சைட்டுகளோட டேட்டா வெளிய கசிஞ்சது ஒரு எச்டிஎம்எல் பார்சர்ல தான், ரேகல்ங்கற ஜெனரேட்டர் உருவாக்கின சி கோடு பஃபர் முடிவை == போட்டு செக் பண்ணுச்சு, பாயிண்டர் முடிவைத் தாண்டிக் குதிச்சுட்டதால அந்த செக் எப்பவும் பொய்யாவே இருந்துச்சு. ரஸ்ட்ல அது கசிவா ஆகாம பேனிக்கா நிக்கும், அன்சேஃப் (ரஸ்ட்டோட பாதுகாப்பு செக்கை விலக்குற குறி) போடாத வரைக்கும். மூடாத பிராக்கெட்டுக்கு எரர் சொல்லும்போது திறந்த பிராக்கெட்டோட ஸ்பானையும் காட்டுங்க, வரி கடைசில "எதிர்பாராத முடிவு"ன்னு சொன்னா யாருக்கும் புரியாது.

எண்களைப் பத்தி நீங்க கேக்கல, ஆனா பில்லிங்னு சொன்னதால சொல்றேன். தொகைய எஃப்64ல (பைனரி தசம எண்ல) வைக்காதீங்க, பைசாவா முழு எண்ல வைங்க. எங்கயாவது டெசிமல் நிஜமாவே வேணும்னா, மொதல்ல உங்க இலக்கணப்படி எழுத்து எழுத்தா சரிபாத்துட்டு அப்புறம் அந்த ஸ்லைஸை ஸ்டாண்டர்ட் லைப்ரரிகிட்ட கொடுங்க, டெசிமலை பைனரியா மாத்துற வேலைய நீங்க செய்யாதீங்க, அது தனிக் கலை. சரிபாக்காம நேரா கொடுத்தா ரஸ்ட்டோட பார்ஸ் ஃபங்ஷன் "inf", "NaN", ".5", "5." எல்லாத்தையும் சிரிச்ச முகமா ஏத்துக்கும். சி மொழில எழுதுறவங்களுக்கு இதே வேலைய செய்ற ஸ்ட்ர்டோட் (strtod) ஃபங்ஷன் இன்னும் மோசம், லொகேல் (மொழி, நாடு செட்டிங்) மாறினா புள்ளிக்கு பதிலா கமாவ எதிர்பாக்கும். கமான்னதும் ஞாபகம் வருது, 1,00,000ன்னு நம்ம ஊர் வழக்கப்படி எழுத விடணும்னு யாராவது கேப்பாங்க. ஃபங்ஷன் ஆர்குமென்ட்டுக்கும் கமா தான்னா அது முடியாது, மூணு ஆர்குமென்ட்டா படிச்சுடும், அண்டர்ஸ்கோர் போடச் சொல்லுங்க.

ரஸ்ட் பார்சர் லைப்ரரிகள்: nom, வின்னோ, சம்ஸ்கி மூணும் நல்ல சரக்கு தான். பைனரி ஃபார்மட் படிக்க nom லைப்ரரிய நானும் வச்சிருக்கேன். நல்ல எரர் மெசேஜ் வேணும்னு வரும்போது கையெழுத்துக்கே திரும்பிடறேன், அது பழக்க தோஷமாவும் இருக்கலாம். சிம்டிஜேசான்ங்கற ஜேசான் பார்சர் மாதிரி விநாடிக்கு ஜிகாபைட் கணக்குல ஓடுற வித்தை எல்லாம் பெரிய ஃபைல்களுக்கு, உங்களுக்குத் தேவையில்ல. எடிட்டர்ல டைப் அடிக்க அடிக்க மாறின பகுதிய மட்டும் திரும்ப பார்ஸ் பண்றது பத்தியும் கேட்டிருக்கீங்க, அதுல நான் இறங்கினதில்ல, அதுக்குன்னு இருக்கிற ட்ரீ-சிட்டர்ல வேலை பாத்தவங்க யாராவது பதில் போடட்டும். ரூல் சின்னதா இருக்கிற வரைக்கும் ஒவ்வொரு கீ அடிக்கும் முழுசா திரும்ப பார்ஸ் பண்ணாலே போதும்.

டெஸ்ட்டுக்கு கார்கோ ஃபஸ் (கண்டபடி இன்புட் கொடுத்து ப்ரோகிராமை சோதிக்கிற கருவி) போட்டு ராத்திரி ஓட விடுங்க. மூணு விஷயத்தைப் பாக்கச் சொல்லுங்க: என்ன குப்பைய கொடுத்தாலும் பேனிக் வரக்கூடாது, டோக்கன்களோட ஸ்பானையும் நடுவுல விட்ட ஸ்பேஸையும் ஒட்டினா மூல டெக்ஸ்ட் அப்படியே திரும்ப வரணும், ட்ரீய டெக்ஸ்ட்டா எழுதி மறுபடி பார்ஸ் பண்ணா அதே ட்ரீ கிடைக்கணும். மூணாவது தான் ப்ரெசிடென்ஸ் தப்புகளைக் கொத்தோட பிடிக்கும். பழகுறதுக்கு மொதல்ல ஜேசான் பார்சர் எழுதலாமான்னு கடைசில கேட்டிருக்கீங்களே, எழுதுங்க. இலக்கணம் ரெண்டு பக்கம் தான், கிட்ஹப்ல ஜேசான் டெஸ்ட் சூட்னு நூத்துக்கணக்கான ஃபைல் இருக்கு, எதை ஏத்துக்கணும், எதை மறுக்கணும், எது உங்க இஷ்டம்னு ஃபைல் பேர்லயே முதல் எழுத்துல குறிச்சிருக்காங்க. அதுல சரோகேட் ஜோடி எஸ்கேப்புகளும் (ஒரே எழுத்தை ரெண்டு யூடிஎஃப்-16 குறியா எழுதுறது), ஆயிரக்கணக்குல திறந்து மூடாம விட்ட ஸ்கொயர் பிராக்கெட் ஃபைலும் இருக்கு. மேல சொன்ன கவுண்டரை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை அந்த ஃபைலை ஓட்டிப் பாருங்க.